ஒஹையோவின் புல்

பெல்ட்ஸ் நகரம், ஐந்தாவது மாடி.
மண் என்று சொல்ல
சன்னலோரத்து வெங்காயச் சாடியில் இரண்டு கை.
இங்கே உட்கார்ந்துதான் விதாலியே
புல்தரை பற்றி இருநூற்றுப் பதினான்கு கட்டுரை எழுதினான்.

எல்லாம் அமெரிக்கப் புல்.
நீலப்புல், நண்டுப்புல், நிழலில் தழைப்பது,
நாய் மூத்திரத்தில் கருகுவது.
அதில் ஒன்றைக்கூட அவன் கால் மிதித்ததில்லை.
பிறர் எழுதியதைப் படித்து, கலைத்து, வேறாகக் கோத்து
"எங்கள் தோட்டத்து அனுபவத்தில்" என்று தொடங்குவான்.
எங்கள் தோட்டம்!
டிராலிபஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள் நான்.
அன்று தடம் முழுக்கச் சிரித்துக்கொண்டே கிழித்தேன்.
காசு வரும்வரை சிரித்தேன்.

பிறகு கணக்குக் கற்றுக்கொண்டேன்.
தேடுகிறவர்களின் முதல் பக்கத்தில் மூன்றாம் இடம் என்றால்
மாதம் ஒன்பதாயிரம் லெய்.
ஏழாம் இடம் என்றால் வெந்நீர்க் கட்டணமும் ரொட்டியும்.
இரண்டாம் பக்கம் சுடுகாடு.
அங்கே காலாற நடக்க யாரும் போவதில்லை.

வானம் பார்த்த பூமி எங்களுடையது.
வானம் மட்டும் வேறு ஊரில்.
டேட்டனில் பனி உருகியதா, கொலம்பஸில் மழையா,
எழுந்ததும் அதைத்தான் பார்ப்பான்.
எங்கள் சன்னலில் பனி ஒரு சாண் நிற்கும்.
"புல்வெட்டி விளம்பரம் ஏறுது" என்பான்,
சூரியகாந்தி விலை ஏறியதுபோல.
மே மாதம் அறுவடை.
டிசம்பரில் என் தங்கையிடம் கடன்.

அங்கே நள்ளிரவில் மனிதர்கள் பெட்டியிடம் கேட்டவை
இங்கே காலைத் தேநீருக்கு வந்து சேரும்.
பெயரில்லாமல், வரிசையாக.

புல் ஏன் மஞ்சள்
புல் ஏன் மஞ்சள் வட்டம்
பக்கத்து வீட்டுப் புல் மட்டும் ஏன் பச்சை
(அடுப்படிக்கு ஓடிவந்து காட்டினான் இதை.)

அதற்கும் கீழே, ஒரே ஒரு சொடுக்கு:
கணவர் இறந்துவிட்டார் அவருடைய எந்திரத்தை எப்படிக் கிளப்புவது

வந்தவர் பதினோரு நிமிடம் இருந்திருக்கிறார்.
அந்தப் பக்கத்தில் இருந்ததோ
தலைசிறந்த பத்து எந்திரங்கள்,
பழையதைத் தள்ளிவிடுங்கள்,
இன்று மட்டும் பதினைந்து சதவீதம் குறைவு.
எங்களுக்கு விழுந்தது நான்கு சென்ட்.

அன்றிரவு விதாலியே படுக்கவில்லை.
பழைய கையேடுகளைத் தோண்டி எடுத்தான்.
ரப்பர் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள்.
மேல் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடியுங்கள்.
கயிற்றை மெதுவாக இழுத்து, தடுக்கும் இடத்தில் நின்று,
பிறகு ஒரே வீச்சு.
கிளம்பாவிட்டால் அது போன வருஷத்துப் பெட்ரோல்.
உங்கள் தவறில்லை.

அவ்வளவுதான்.
விளம்பரம் வைக்கவில்லை. எங்கள் தோட்டத்தையும் வைக்கவில்லை.
ஒரு மாதம் கழித்து
"எத்தனையாவது இடம்?" என்றேன்.
எண்பத்தெட்டு.

மார்ச்சில் தேடுபொறி தன் கணக்கை மாற்றியது.
யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய முறையுமில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலை முடித்து வருவதற்குள்
இருநூற்றுப் பதினான்கும் ஐந்தாம் பக்கத்துக்கு அப்பால் கிடந்தன.
ஏன் என்று அதனிடமே தேடினான்.
முதல் பதிலாக ஒரு விளம்பரம் வந்தது.
எண்பத்தெட்டு மட்டும் எண்பத்தெட்டிலேயே.
சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

இப்போது கோழிக்கூண்டு பற்றி எழுதுகிறான்.
டெக்சஸ் கோழிகள்.
நரி எப்படி வரும் என்று என்னிடம் கேட்கிறான்.

ஜூனில் எங்கள் கட்டடத்து முன்னால்
நகராட்சி ஆள் புல் வெட்ட வந்தான்,
காது இரண்டையும் கவசத்தால் மூடிக்கொண்டு.
மொட்டையடித்தான், மண் தெரிய.
விதாலியே சன்னலைத் திறந்தான்,
பாதி உடம்பு வெளியே, ஒரே கத்தல்:
மூன்றில் ஒரு பங்குதான்! அதுக்கு மேல வெட்டாதே!
வேர் செத்துப்போகும், கேட்குதா?

கீழே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் முழங்கை தட்டி விழாதபடி
வெங்காயச் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.